மிச்சம் சுழியம்

என் மகள் உஷாராணி ஆறு வருஷமாக ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். தொலைத்த எண் என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். இது யாருமே தொலைக்காத எண்.

எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஏழு, பதினொன்று, பதின்மூன்று இந்த மாதிரி எண்களை, ஒன்றைத் தவிர, வேறு எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாதாம். பகா எண் என்று பெயர். சின்னதையெல்லாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது பெரிசு வேண்டுமாம். எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். எழுதினால் நாற்பத்தைந்து மில்லியன் இலக்கம் வரும் என்றாள். எழுதி முடிப்பதற்குள் எழுதுகிறவன் செத்துப் போவான். ஒரு கம்ப்யூட்டரால் ஆகிற வேலை இல்லை என்பதால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் தங்கள் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ஆளுக்கொரு எண்ணாக வாங்கி, இது தேறுமா தேறாதா என்று பார்க்கிறார்கள். ஒரு எண்ணைப் பார்த்து முடிக்க எங்கள் பழைய மெஷினுக்குப் பதினாறு நாள். சம்பளம் கிடையாது. கேட்டால் தன்னார்வலர் என்கிறார்கள். சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவனுக்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத முடியாது.

"அந்த எண் கிடைச்சா என்னம்மா செய்வீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யமாட்டோம்பா. இருக்குன்னு தெரிஞ்சுக்குவோம்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

"அடுத்ததைத் தேடுவோம்."

இதைச் சொன்னது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறவள். நாற்பத்து மூன்று வயது. ஒரு வாளியின் கைப்பிடி அரை மில்லிமீட்டர் கோணினால் பத்தாயிரம் வாளியைத் திருப்பி அனுப்புகிறவள். கல்யாணம் வேண்டாம் என்றாள், சரி என்றேன். இதற்குத்தான் வேண்டாம் என்றாள் என்று அப்போது தெரியாது.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு 'கிள்ளான் பள்ளத்தாக்கு எண் தேடல் குழு' என்று பெயர். பெயரைப் பார்த்து நூறு பேர் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பதினோரு பேர். அதில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். ஒன்று என் மகள். இன்னொன்று கிள்ளானிலிருந்து வருகிற காலேப், வங்கியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், மனைவிக்குப் பயந்து இங்கே வந்து உட்கார்ந்திருப்பார் என்பது என் எண்ணம். மற்ற எட்டுப் பேர் வாட்சாப்பில் கை கும்பிடுகிறவர்கள். தலைவர் விஜயன். செராஸில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறார். போட்டோ எடுக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வருவார், அதுவும் விசைப்பலகையில் கை வைத்த மாதிரி நிற்பார்.

பிரிக்பீல்ட்ஸில் வீரம்மாவின் பூக்கடைக்கு மேல்மாடியில் ஒரு ரூம். ஏதோ ஓர் ஆபீஸ் தூக்கிப் போட்ட ஏழு கம்ப்யூட்டர்களை அங்கே வைத்து ஓட்டினார்கள். ஏழும் சேர்ந்து ஓடினால் அந்த ரூம் ரொட்டி சுடுகிற அடுப்பு. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் முப்பத்தெட்டு வருஷம் ஏர்கோன் வேலை, அதாவது குளிர்சாதனம் மாட்டிப் பழுது பார்க்கிற வேலை, பார்த்தவன். ஒரு பழைய ஏர்கோனைக் கொண்டுபோய் மாட்டி, கேஸ் ஏற்றி, மாதம் ஒரு தடவை ஃபில்டர் கழுவிக் கொடுத்தேன். நான் தன்னார்வலர் இல்லை. மகள் சொன்னாள், செய்தேன்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. "வெள்ளைக்காரன் எங்கயோ உக்காந்துக்கிட்டு எண்ணை அனுப்புறான், நீங்க இங்க கரண்ட் போட்டு அவனுக்கு உழைக்கிறீங்க. நீங்க அனுப்புற கணக்கை அவன் நம்புறானா?" என்று கேட்டேன்.

"நம்பமாட்டாங்கப்பா. நான் போட்ட கணக்கை வேற ஊர்ல வேற ஒருத்தர் முதல்லேருந்து போடுவாரு. ரெண்டும் ஒத்துப் போனாத்தான் ஏத்துக்குவாங்க. யாரையும் நம்புறதில்ல."

பரவாயில்லை, உலகத்தில் எங்கோ விவரமானவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உஷாராணி கிள்ளானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். காலேப்பும் அதே கல்யாணம். சாவியை என்னிடம் கொடுத்து, "ஃபில்டர் கழுவிட்டு உடனே மாட்டிருங்கப்பா" என்றாள். பத்து மணிக்குப் போனேன். கழுவினேன். மாட்டினேன். பிறகு அந்த ரூமைப் பார்த்தேன். ஆள் இல்லை. ஜன்னல் இல்லை. ஏழு டப்பா உறுமிக்கொண்டிருக்கிறது, அதற்கு இருபத்திரண்டு டிகிரிக் குளிர். செந்தூல் பிளாட்டில் நான் காற்றாடியில் படுக்கிறேன். ஆளில்லாத ரூமில் ஏர்கோன் ஓடினால் சுவிட்சை அடைத்துவிட்டுப் போவதுதான் முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். பதினொரு மணிக்கு அடைத்தேன். மறதி இல்லை, தெரிந்தேதான் அடைத்தேன். கீழே பசியாறப் போன இடத்தில் பழைய ஆட்கள் இரண்டு பேர் அகப்பட்டார்கள். திரும்பி வந்தபோது நாலு மணி. கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. டப்பாக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலை பத்து மணி. வீரம்மா கடையில் நின்று செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

"அப்பா! நம்பர் கிடைச்சிருச்சிப்பா! என் மெஷின்லதான்! நாப்பத்தஞ்சு மில்லியன்பா! யார்கிட்டயும் சொல்லாதீங்க!"

மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்த வீரம்மாவின் கை நின்றுவிட்டது. இந்த நாட்டில் நம்ம ஆள் ஒருவன் நம்பர் கிடைத்தது என்று கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாலு இலக்க லாட்டரி, வாரம் மூன்று நாள் குலுக்கல்.

"அண்ணே... நாப்பத்தஞ்சு மில்லியனா?" என்றாள்.

"அது பரிசு இல்ல வீரம்மா. நம்பரோட நீளம்."

"ஆமா ஆமா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அண்ணே. எந்தக் கடையில எடுத்தா?"

"கடையில எடுக்கல. கணக்குப் போட்டு எடுத்தா."

"கணக்குப் போட்டே எடுக்குறாளா!" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். அவள் மூடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மடத்தனம்.

மாலைக்குள் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயில் கமிட்டி ஒன்று ரசீதுப் புத்தகத்தோடு செந்தூலுக்கே வந்தது. பத்து வருஷமாக என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிற கார்த்திகேசு வீடு தேடி வந்து, "மச்சான், உடம்பெல்லாம் எப்படி?" என்றான். உடம்பு போன மாதம் மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

உஷா வேலை முடிந்து வந்து என் முன்னால் நின்றாள். "சொல்லாதீங்கன்னு சொன்னேன்லப்பா."

"நான் எங்க சொன்னேன்? நீதான் போன்ல கத்துனே."

"ஸ்பீக்கர்ல போட்டீங்களா?"

"என் காதுக்கு வேற எதுல போடச் சொல்றே?"

மறுநாளே விஜயன் வந்துவிட்டார். காலேப்பும் வந்தார். எங்கள் பிளாட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும்.

"ஊரே பேசுது உஷா," என்றார் விஜயன். "இனிமே மூடி மறைச்சா நம்மளை லாட்டரிக் கூட்டம்னு முடிவு பண்ணிருவாங்க. முறைப்படி அறிவிச்சிருவோம். சனிக்கிழமை மண்டபம் கிடைக்குது. டத்தோ வர்றேன்னு சொல்லிட்டாரு."

"இன்னும் செக் முடியல சார். ரெண்டு நாட்டுல ரெண்டு பேரு நல்ல மெஷின்ல மறுபடி போட்டுக்கிட்டு இருக்காங்க. அடுத்த செவ்வாய்க்குத்தான் முடியும்."

"டத்தோ திங்கட்கிழமை வெளிநாடு போறாரு."

"போய்ட்டு வந்தப்புறம் வெச்சுக்கலாமே."

"வந்தப்புறம் அவருக்கு நாம யாருன்னு ஞாபகம் இருக்குமா?"

அதில் மட்டும் அந்த ஆள் சொன்னது சரி. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கு ஆளை மறப்பது சுலபம்.

காலேப் மெதுவாகப் பேசுகிறவர். "சார், முந்திச் சொல்லிட்டு அப்புறம் பொய்யாப் போச்சுன்னா போறது உங்க பேரு இல்ல, உஷா பேரு. அதுக்கப்புறம் அவங்க குடுத்த ஒரு கணக்கையும் எவனும் மதிக்கமாட்டான். ஆறு வருஷமும் குப்பை லா."

"ஏன்யா பொய்யாப் போகும்? மெஷின் பொய் சொல்லுமா?"

"பழைய மெஷின் சார். புரோகிராமும் பழசு. புதுசுல தன்னோட தப்பைத் தானே கண்டுபிடிக்கிற வசதி இருக்கு. நம்மதுல அது ஓடாது."

விஜயன் என் மகளைப் பார்த்தார். "உஷா, நீயே சொல்லு. ஆறு வருஷத்துல உன் மெஷின் ஒரு தடவையாவது தப்பு பண்ணியிருக்கா?"

"இல்ல சார்."

"ரூம்ல ஏதாச்சும் பிரச்சினை?"

"இல்ல. எப்பவும் இருபத்தி ரெண்டு டிகிரிதான். அப்பா பாத்துக்கிறாரு."

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கையில் காப்பி. கம்ப்யூட்டர் சூடானால் எண் மாறும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. தெரிந்திருந்தால் விஜயன் முன்னால் வாயைத் திறந்திருப்பேனா என்பது வேறு விஷயம். திறந்திருக்க மாட்டேன்.

"உலகத்துலயே பெரிய எண். கண்டுபிடிச்சது நம்ம பொண்ணு. அதை நாம முதல்ல சொல்லாம வெள்ளைக்காரன் சொல்லட்டும்னு காத்திருக்கணுமா?" என்றார் விஜயன். இந்த இடத்தில் கை தட்டுவார்கள் என்று பழகியவர் போல ஒரு நொடி நிறுத்தினார். எங்கள் வீட்டில் யாரும் தட்டவில்லை. ஆனால் உஷா மறுக்கவும் இல்லை. பத்தாயிரம் வாளியைத் திருப்பி அனுப்புகிறவள் தலையை ஆட்டினாள். ஆசை வந்துவிட்டால் படித்தவளும் படிக்காதவனும் ஒன்றுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மண்டபம். ஒன்பதரைக்கே முந்நூறு பேர். கணிதத்துக்கு முந்நூறு பேர் வருகிற இனம் இல்லை நாம். எல்லாரும் நம்பருக்கு வந்தவர்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் விஜயனின் முகம் லோரிச் சக்கரம் அளவு, டத்தோவின் முகம் அதைவிடக் கொஞ்சம் பெரிசு, கீழ் மூலையில் தபால்தலை அளவு என் மகள். நடுவில் ஒன்பது இலக்க எண் ஒன்று. நாற்பத்தைந்து மில்லியன் இலக்கத்தைப் பேனரில் எழுத முடியாது என்பதால் இது குறுக்கு வழியாம். இரண்டை இரண்டால் இத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் அந்தப் பெரிய எண் வரும் என்பதற்கு அடையாளம். கூட்டத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. கடைசி நாலு இலக்கம் 0739. பாதிப்பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு வெளியே போனார்கள். கடை அடைப்பதற்குள் எழுத வேண்டுமே. வீரம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கையிலேயே எழுதி வைத்துக்கொண்டாள்.

டத்தோ பதினொன்றரை வரை வரவில்லை. வந்துகொண்டே இருக்கிறார் என்று நாலு தடவை அறிவித்தார்கள். நேரத்தை ஓட்ட விஜயன் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அன்பு நெஞ்சங்களே! இந்த எண் பகா எண் என்று எப்படித் தெரிந்தது? மிக எளிது! கம்ப்யூட்டர் பதினாறு நாள் கணக்குப் போட்டு, கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும். இது சாதாரண வகுத்தல் அல்ல, தனிச் சோதனை, இதில் மிச்சம் ஏதாவது நின்றால் அந்த எண் தேறாது. கோடிக்கணக்கான எண்களுக்கு மிச்சம் நின்றது! ஆனால் நமது சகோதரி உஷாராணியின் கம்ப்யூட்டரில், மிச்சம்..." கையை உயர்த்தினார். "சுழியம்!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஒன்றுமில்லை என்றதற்கு இத்தனை கைதட்டலை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குக் கை தட்ட வரவில்லை.

சுழியத்தைப் பற்றி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, கூரை மேல் படித்தது. எண்பத்தொன்பதில் செராஸில் ஒரு பேரங்காடியின் கூரையில் பெரிய ஏர்கோனைக் கழற்றிக்கொண்டிருந்தோம். என்னோடு மாரிஸ் என்று ஒருத்தன். கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. "சுழியம்டா, தொடலாம்" என்று கையை வைத்தான். சுழியம் காட்டியது டெஸ்டர். அதன் கம்பி உள்ளே அறுந்து கிடந்திருக்கிறது. மாரிஸுக்கு இரண்டு விரல் கரிந்தது, உயிர் மிஞ்சியது. அதற்குப் பிறகு எங்களில் எவனும் சுழியத்தை நம்பியதில்லை. இருநூறு என்று காட்டினால் நம்புவோம். நூற்றெண்பது என்றாலும் நம்புவோம். சுழியம் என்றால், டெஸ்டரைக் கொண்டுபோய் முதலில் கரண்ட் ஓடுகிற இடத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றுமில்லை என்றாலும் சுழியம்தான் காட்டும், மெஷின் செத்தாலும் சுழியம்தான் காட்டும்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அனல் என் முகத்தில் மறுபடி அடித்தது.

எழுந்து முன்னால் போனேன். மேடையில் உஷா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், பட்டுச் சேலை, கையில் எழுதி வைத்த தாள்.

"உஷா. அந்தச் சுழியம் நிஜச் சுழியமா, செத்த சுழியமா?"

"என்னப்பா?"

விஜயன் மைக்கைக் கையால் பொத்தினார். "அங்கிள், கீழ போய் உக்காருங்க. டத்தோ கார் திரும்பிருச்சி."

"மெஷின் சூடாகிக் கோளாறு ஆனாலும் சுழியம் காட்டுமா, காட்டாதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

காலேப் பக்கவாட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கினார். "காட்டும் அங்கிள். நடக்கறது அபூர்வம். ஆனா காட்டும். ஏன் கேக்குறீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை நான் ஏர்கோனை அடைச்சிட்டேன்."

உஷா எழுந்து நின்றாள். அவள் முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

"எத்தனை நிமிஷம்?"

"பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும்."

"அஞ்சு மணி நேரமா? மறந்துட்டீங்களா?"

"மறக்கல. வேணும்னுதான் அடைச்சேன். ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குன்னு அடைச்சேன்."

விஜயன் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். அது ஒரு திறமைதான். "சரி லா அங்கிள், அடைச்சீங்க, திறந்தீங்க, மெஷின் ஓடுச்சில்ல? முடிஞ்சு போச்சு. உஷா, உக்காரு. முந்நூறு பேரு பாக்குறாங்க."

"காலேப்," என்றாள் உஷா. "மெஷினோட சூடு பதிஞ்சிருக்குற லாக்கைப் பாருங்க."

காலேப் விரலால் தட்டித் தேடினார். கண்டுபிடித்ததும் உதட்டை மடித்துக்கொண்டார். "ஞாயிறு மத்தியானம். தொண்ணூத்தெட்டு டிகிரி. உங்க மெஷின் மூணு தடவை தானா வேகத்தைக் கொறைச்சிருக்கு. கணக்கு முடிஞ்சது திங்கக்கிழமை காலையில... இது கடைசி நாள் ஓட்டம் உஷா."

"அஞ்சு நாளா இதை யாரும் பாக்கலையா?" என்று நான் கேட்டேன்.

நம்பர் கிடைத்த சந்தோஷத்தில் யார் சூட்டைப் பார்ப்பார்கள்? வாளிக் கைப்பிடிக்கு அளவுகோல் வைக்கிறவள் இதற்கு வைக்கவில்லை.

"இதெல்லாம் பேக்டரி விவரம்," என்றார் விஜயன். "செவ்வாய்க்கிழமை செக் வரட்டும், அப்போ பாத்துக்கலாம். இன்னைக்கு அறிவிப்பு. நாளைக்குத் திருத்தம் வந்தா திருத்தம் போடுவோம்."

"அப்போ நாளைக்கே அறிவிங்க," என்றாள் உஷா. மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த எண் பகா எண்ணுன்னு இன்னைக்கு நான் சொல்லப்போறதில்ல. கணக்குப் போட்ட நேரத்துல என் மெஷின் சூடாயிருக்கு. என் விடையை நம்ப முடியாது. இங்க வர்றதுக்கு முன்னாடி நான் அதைப் பாத்திருக்கணும், பாக்கல. மன்னிச்சிருங்க. சாப்பாடு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க."

கூட்டத்துக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. "அப்போ சுழியம் ஏழு மூணு ஒம்பது வேணாமா?" என்று பின்னாலிருந்து ஒரு ஆள் கேட்டான். "எடுத்தாச்சே!" என்று வீரம்மா கத்தினாள்.

உஷா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேடைப்படியில் இறங்கி, என்னைத் தாண்டி, ரூமுக்கு நடந்தே போய்விட்டாள். காலேப் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அந்த நேரம் பார்த்து நாதஸ்வரம் முழங்கியது. டத்தோ வந்துவிட்டார்.

அவரிடம் யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. நேரே மைக்குக்குப் போனார், எழுதிக் கொடுத்ததைப் படித்தார். இந்த எண் நம் சமுதாயத்தின் எண் என்றார். இந்த எண்ணை இனி எவராலும் நம்மிடமிருந்து பிரிக்க முடியாது என்றார். அடுத்த ஆண்டு இதைவிடப் பெரிய பகா எண் கண்டுபிடிக்கத் தாம் ஆவன செய்வதாகவும் உறுதி கொடுத்தார். விஜயன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு டத்தோ பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "கண்டுபிடித்த சகோதரி எங்கே?" என்று தேடினார்.

விஜயன் ஒரு கணம்தான் விழித்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து மேடைக்குத் தள்ளினார். "அவங்க அப்பா, டத்தோ."

ஆக, அந்த எண்ணைக் கெடுத்தவனுக்கே பொன்னாடை போர்த்தினார்கள். படமும் எடுத்தார்கள். அதில் நான் டத்தோவைப் பார்க்காமல் தலைக்கு மேலே மண்டபத்து ஏர்கோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உஷா அன்று மத்தியானமே வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிவிட்டாள். என் மெஷின் சூடாகிவிட்டது, என் விடையை எடுத்துக்கொள்ள வேண்டாம், நானே திரும்பப் பெறுகிறேன் என்று. இதைக் காலேப்தான் எனக்குச் சொன்னார். அவள் என்னோடு பேசவில்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ரூமுக்குப் போய்விடுவாள். கேட்டால் பதில் வராது. சண்டை பிடித்தாலாவது நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். இது சுவரோடு குடித்தனம்.

செவ்வாய்க்கிழமை செக் முடிவு வந்தது. இரண்டு நாட்டில் இரண்டு பேர் போட்டதும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனது. மிச்சம் சுழியம் இல்லை. எண் தேறவில்லை.

அன்று சாயந்திரம் ரூமில் அவள் மேசையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. காலேப்பும் இருந்தார். நான் கதவருகில் நின்றேன்.

"அவங்க என்ன சொல்றாங்க?" என்று காலேப்பைக் கேட்டேன், அவளைக் கேட்காமல்.

"அவங்க பேசறதில்ல அங்கிள். பட்டியல்தான். உஷா இதுவரைக்கும் நூத்திப் பதினேழு எண் முடிச்சிருக்காங்க. எல்லாத்தையும் மத்தவங்க மறுபடி போட்டுப் பாத்திருக்காங்க. நூத்திப் பதினாறு ஒத்துப் போயிருக்கு. இந்த ஒண்ணு மட்டும் தப்பு. பக்கத்துல, 'செக் முடியறதுக்கு முன்னாடியே தானே திரும்பப் பெற்றார்'னு போட்டிருக்கு. அவங்களுக்குப் புது எண்ணும் குடுத்திருக்காங்க."

"குடுத்திருக்காங்களா?"

"குடுக்காம? பேரு போகல அங்கிள்."

உஷா திரும்பாமலே சொன்னாள். "நூத்திப் பதினாறும் தேறாத எண்ணுதான்."

"ஆறு வருஷமா இல்லை இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கே," என்றேன்.

"ஆமா. சரியா சொல்லியிருக்கேன்."

எனக்கு இப்போதும் அது வெட்டி வேலைதான். நூற்றுப் பதினாறு தடவை இல்லை என்று சொல்வதற்கு ஏழு மெஷின், ஒரு ரூம், ஒரு ஏர்கோன், ஒரு மனுஷியின் ஆறு வருஷம். விஜயனை எடுத்துக்கொண்டால் அதைவிட வெட்டி. குழுவை விட்டு விலகி இப்போது ஏதோ நினைவாற்றல் போட்டி நடத்துகிறார், அதே டத்தோ தலைமையில். வீரம்மா இன்னும் 0739 எடுத்துக்கொண்டிருக்கிறாள். விழுந்தால் எனக்கு ஒரு மாலை இலவசமாம்.

போன வாரம் ஃபில்டர் கழுவுகிற நாள். ரூமுக்குப் போனால் கதவில் புதுப் பூட்டு. சாவி அவளிடம் மட்டும். காத்திருந்தேன். வேலை முடிந்து வந்து அவளே திறந்தாள். ஏர்கோன் சுவிட்சுக்கு மேல் ஒரு இரும்புப் பெட்டி அடித்து, அதற்கும் ஒரு பூட்டு.

"எத்தனை நிமிஷம் வேணும்பா?"

"இருபது."

பெட்டியைத் திறந்து அவளே அடைத்தாள். போனில் இருபது நிமிஷத்துக்கு மணி வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். நான் ஃபில்டரைக் கழற்றினேன், குழாயடிக்குக் கொண்டு போனேன். பின்னாலேயே வந்து நின்றாள். பிரஷ் போட்டேன், உதறினேன். "பதினாலு ஆச்சு" என்றாள். திருப்பி மாட்டினேன். மாட்டியது சரியா என்று ஸ்டூலில் ஏறி விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் போட்டு, குளிர் வருகிறதா என்று கையை நீட்டி வைத்திருந்து, வந்ததும் பெட்டியைப் பூட்டினாள்.

பெற்ற அப்பன் என்று பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருஷ அனுபவம் என்றும் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே நடந்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான்.